தெள்ளாறு எறிந்த ராஜாவும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாப் போகும். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

இலையுதிர் காலம்னு ஒரு வார்த்தை இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்துல படிச்சதோட சரி, நம்ம பக்கம் அதைக் கண்ணால பார்த்தவங்க கிடையாது. எங்க ஊர்ல மரமெல்லாம் இலை கொட்டுறது மாசி பங்குனியில. வெள்ளைக்காரன் ஊர்ல இலை உதிர்ற அக்டோபர்ல நமக்கு மழை பிடிக்கும், ஏரி ரொம்பும், நண்டு வயல் வரப்புல ஓடும். பழைய தமிழ்க் கணக்கு இதுக்கு அழகா பேர் வச்சிருக்கு. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். இலைக்கு அதுல வேலையே இல்லை. மேகமும் காத்தும் தான் கணக்கு.

ஆனா சுற்றுலா கம்பெனிக்காரங்க விளம்பரம் பார்த்தா "இலையுதிர்காலத் தீவு விடுமுறை"ன்னு போட்டிருப்பாங்க. வருஷம் முழுக்கத் தென்னை மரம் பச்சையா நிக்கிற தீவுல எந்த இலை உதிரப்போகுது? அப்புறம் அங்க அக்டோபர்ல என்ன தான் நடக்கும்? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் என்னைச் சுத்தி வளைச்சு எங்க ஊர் தெள்ளாறுக்கே கொண்டுவந்து விட்டுடுச்சு. அதைத் தான் சொல்லப்போறேன்.

*

2024 அக்டோபர்ல நாங்க நாலு பேர் தாய்லாந்து பக்கம் புக்கெட் தீவுக்குப் போனோம். ஏன் அக்டோபர்? ரூம் வாடகை கம்மி. அவ்வளவு தான் ஆராய்ச்சி :-) அங்க மே மாசம் பிடிக்கிற தென்மேற்குப் பருவமழை அக்டோபர் வரைக்கும் இழுக்கும். கடல் கொந்தளிப்பா இருக்கும், கரையில சிவப்புக் கொடி நட்டு வச்சிருப்பான், இறங்காதேன்னு. நவம்பர்ல வானம் வெளுத்த பிறகு தான் கூட்டம் வரும், வாடகை ஏறும்.

எங்க கூட வந்த மதுரைக்காரர் ஒருத்தர் வேற கணக்குல வந்திருந்தார். வீட்ல புரட்டாசின்னு ஒரு மாசமா கவுச்சி கிடையாது. தாய்லாந்து போனா நண்டு, இறால்னு பிரிச்சு மேஞ்சிடலாம்னு திட்டம். அக்டோபர் 3ஆம் தேதி போய் இறங்கினா, புக்கெட் டவுன்ல தெருவுக்குத் தெரு மஞ்சள் கொடி. கடைக்குக் கடை மஞ்சள் கொடி. அதுல சிவப்பா ஒரு எழுத்து. என்னான்னு விசாரிச்சா, இன்னைலேர்ந்து ஒம்பது நாளைக்குச் சைவச் சாப்பாடுன்னு அர்த்தமாம்! கறி, மீன், முட்டை கிடையாது. அதோட பூண்டு, வெங்காயம் கூடக் கிடையாது. மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே. "மாப்ள, எங்க அம்மா இங்கயும் ஆள் வச்சிருக்காங்கடா"ன்னார். (கடற்கரைப் பக்கம் வெளிநாட்டுக்காரங்க ஓட்டல்ல எல்லாம் கிடைக்குது. நாங்க தங்கினது பழைய டவுன்ல. அதான் மாட்டிக்கிட்டார்.)

அந்தத் திருவிழாவுக்கு அவங்க பேர் கின் ஜே. சீனக் காலண்டர்ல ஒம்பதாம் மாசம், முதல் ஒம்பது நாள். ஒன்பது பேரரச தெய்வங்கள்னு சொல்றாங்க, அவங்களைக் கூப்பிட்டு வச்சுக் கும்பிடுற விழா. முதல் நாள் ராத்திரிக்கு முன்னால கோயில் வாசல்ல உயரமா ஒரு கம்பம் நடுறாங்க. அதுல ஒம்பது விளக்கு ஏத்தினா தெய்வம் இறங்கி வந்துட்டதா கணக்கு. நம்ம கொடியேத்தம் மாதிரின்னு வச்சுக்குங்களேன். விரதம் இருக்கிறவங்க எல்லாரும் வெள்ளைத் துணி. தெருவுல பாதிப் பேர் வெள்ளையில தான் நடக்குறாங்க. துக்க வீட்டுக்காரங்க சடங்குல கலந்துக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. நம்ம ஊர்ல காப்புக் கட்டினா என்ன ஒழுங்கோ, கிட்டத்தட்ட அதே ஒழுங்கு.

அப்புறம் ஊர்வலம். கோயிலுக்கு ஒரு நாள்னு முறை வச்சு வருது. அருள் வந்தவங்க முன்னாடி வர்றாங்க. அவங்களுக்கு அங்க பேர் மா சோங். மா-ன்னா குதிரை. தெய்வம் ஏறி வர்ற குதிரைன்னு அர்த்தம். கன்னத்துல கம்பி குத்தி, சிலர் கத்தியே குத்தி, தலையைச் சிலுப்பிக்கிட்டு ஆடிக்கிட்டே வர்றாங்க. வீட்டு வாசல்ல மேஜை போட்டு, பழம், டீ, ஊதுபத்தி வச்சு ஜனங்க கும்பிட்டு நிக்கிறாங்க. அவங்க மேல சரவெடியைக் கொளுத்திப் போடுறாங்க. புகையில பக்கத்துல நிக்கிற ஆள் தெரியல. ராத்திரி கோயில் மைதானத்துல கரியைக் கொட்டித் தணல் போட்டு அது மேல நடக்குறாங்க. கத்தியையே படியா வச்சுக் கட்டின ஏணியில ஏறி இறங்குறாங்க.

நானும் அதைப் பார்த்துட்டு அப்படியே நின்னேன். பயத்துல இல்லைங்க. நான் இதைச் சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கேன். எங்க வந்தவாசி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் கிடையாது. அறுப்பு முடிஞ்ச வெயில் காலத்துல பாரதம் வச்சு, பகல்ல பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, கடைசியில மண்ணுல துரியோதனனைப் படுக்க வச்சுப் படுகளம், சாயங்காலம் தீமிதி. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்துக்காரங்க பேர் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தணல் மேல மஞ்சத் துணியோட ஓடுற ஜனத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதே தணல் மேல வெள்ளைத் துணியோட ஓடுற ஜனத்தைப் பார்த்தா எப்படி இருக்கும்?

*

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். இப்படி ஒண்ணைப் பார்த்த உடனே நம்ம ஆளுங்க என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். "பார்த்தியா, தமிழன் தான் சொல்லிக் கொடுத்திருக்கான்!" எங்க குழுவிலேயே ஒரு நண்பர் அதைச் சொன்னார்.

அப்படி ஒரே போடாப் போட்டுட முடியாது. புக்கெட் சீனர்கள்ல பெரும்பாலானவங்க 19ஆம் நூற்றாண்டுல ஈயச் சுரங்க (வெள்ளீயம்) வேலைக்கு வந்த ஹொக்கியன் ஆளுங்களோட வாரிசு. அவங்க பூர்வீகம் தெற்குச் சீனாவுல ஃபூஜியன். அங்கேயே அருள் வந்து உடம்பைக் குத்திக்கிற வழக்கம் பழசு. பினாங்கு மாதிரித் தீவுகள்ல தைப்பூசக் காவடியும் ஹொக்கியன் சாமியாட்டமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவுல நடந்திருக்கு. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கொஞ்சம் மாறியும் இருக்கலாம். ஆனா யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு ரசீது எல்லாம் கிடையாது.

அதைவிட எனக்கு ஆச்சரியமா இருந்தது தேதி. 2024-ல மகாளய அமாவாசை அக்டோபர் 2. மறுநாள் நம்ம நவராத்திரி ஆரம்பம். அதே மறுநாள் தான் கின் ஜே ஆரம்பமும். அவங்க ஒம்பதாம் நாள், தெய்வங்களைக் கடலுக்கு வழியனுப்புற ராத்திரி அக்டோபர் 11. நம்மூர்ல அன்னைக்கு ஆயுத பூஜை. இங்க லாரிக்கும் ஆட்டோவுக்கும் வாழைக்கன்னு கட்டின அன்னிக்கு அங்க சபான் ஹின் கடற்கரையில வெடிச்சத்தத்துல காது அடைச்சுப் போச்சு.

இது தற்செயல் இல்லை, மாயமும் இல்லை. ரெண்டு காலண்டரும் அமாவாசைக்கு அமாவாசை மாசத்தை எண்ணுது. சூரியக் கணக்கோட ஒத்துப்போக ரெண்டும் அப்பப்ப ஒரு மாசத்தை அதிகமாச் சேர்த்துக்குது. அதனால பல வருஷம் ரெண்டு விழாவும் ஒரே அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். 2022, 2023-லயும் அப்படித்தான். 2025-ல சீனக் கணக்குல ஆறாம் மாசம் ரெண்டு தடவை வந்துச்சு. நம்ம பஞ்சாங்கத்துல அந்த வருஷம் அதிக மாசம் இல்லை. விளைவு, அந்த வருஷம் நவராத்திரி செப்டம்பர் கடைசியில வந்துட்டது, கின் ஜே தீபாவளிக்கு மறுநாள் தான் ஆரம்பிச்சது. ஒரே நிலாவைப் பார்த்து ரெண்டு ஜனம் தனித்தனியாப் போட்ட கணக்கு. குருவும் இல்லை, சிஷ்யனும் இல்லை.

*

சரி, தெள்ளாறு எங்க வந்துச்சுன்னு கேக்குறீங்களா? வந்துட்டேன்.

எங்க ஊர் வந்தவாசியிலேர்ந்து திண்டிவனம் போற ரோட்டுல இருக்கு. திருவண்ணாமலை மாவட்டம். வடமேற்கே போனா பட்டுக்குப் பேர்போன ஆரணி. வரலாறு படிச்சவங்களுக்கு ஊர் பேர் சொன்னதும் ஒரு ராஜா ஞாபகம் வரும். தெள்ளாறு எறிந்த நந்திவர்மன். மூன்றாம் நந்திவர்மன், பல்லவன். 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில சுமார் 846-லேர்ந்து 869 வரைக்கும் ஆண்டவன். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் வடக்கே ஏறி வந்தப்போ எங்க ஊர்ல மடக்கி அடிச்சுத் தெற்கே விரட்டினான். நந்திக் கலம்பகத்தோட நாயகன். எரியிற பந்தல்ல உட்கார்ந்து அந்தக் கலம்பகத்தைக் கேட்டு உயிரை விட்டான்னு ஒரு கதை உண்டு. அது கதை தான். ஆனா தமிழ்ப்பாட்டுக்காகத் தணல்ல இறங்கின ராஜான்னு ஊர்ல சொல்லிக்கிறதுல எங்களுக்கு ஒரு பெருமை.

ஊரே சண்டைக்குப் பிறந்த ஊரு போல. 1231-ல இதே தெள்ளாறுல தான் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜ சோழனைத் தோற்கடிச்சுச் சேந்தமங்கலத்துல சிறை வச்சான். பக்கத்துல வந்தவாசியில 1760 ஜனவரி 22 அன்னைக்கு இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதி, பிரெஞ்சுக்காரன் கதை முடிஞ்சுது.

புக்கெட்ல தலாங்னு ஒரு இடத்துல தேசிய அருங்காட்சியகம் இருக்கு. மழை பெய்ஞ்ச ஒரு நாள், வேற போக்கிடம் இல்லாம உள்ளே நுழைஞ்சோம். ஆளை விட உயரமா ஒரு விஷ்ணு சிலை. தீவுக்கு வடக்கே நூத்தி முப்பது கிலோமீட்டர் போல தள்ளி, தக்குவாபா ஆத்துக்கு மேல, காவ் பிரா நாராய்ங்கிற குன்றுகிட்ட கிடைச்சது. நாராய்ன்னா நாராயணன் தான். கூட மண்டியிட்ட மாதிரி ரெண்டு சிலை. மூணும் ஒரு மரத்தோட வேருக்குள்ள மாட்டிக்கிட்டுப் பல காலம் கிடந்திருக்கு. பல்லவக் கலை சாயல்னு அறிஞர்கள் சொல்றாங்க, 9ஆம் நூற்றாண்டு.

சிலைகள் கிடைச்ச அதே பக்கத்துல ஒரு கல்லும் கிடைச்சது. தமிழ் எழுத்து, தமிழ் மொழி. ஹூல்ஷ் 1913-ல படிச்சு வெளியிட்டார். அப்புறம் நீலகண்ட சாஸ்திரி அதை விரிவா ஆராய்ஞ்சார். கல் உடைஞ்சது, ஆரம்பமே சிதைவு. மிச்சம் இருக்கிறதோட சாரம் இவ்வளவு தான்: இன்னார் தொட்ட (அதாவது தோண்டின) குளம், அதன் பேர் அவனிநாரணம், இது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் இன்னும் சிலருக்கும் அடைக்கலம். குளம் வெட்டினவரை நங்கூர்க்காரர்னு சாஸ்திரி படிச்சார். நங்கூர் நம்ம சீர்காழிப் பக்கம்.

அவனிநாரணன் யாரு? தெள்ளாறு எறிந்த நந்திவர்மனோட பட்டப்பேர். அந்தப் பேரும் காலமும் ஒத்துப்போறதை வச்சு, குளத்துக்கு அவன் பேர் தான் வச்சிருக்காங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கிட்டாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. மலிவா ரூம் கிடைக்குதுன்னு வந்த தீவுல எங்க ஊர் ராஜா! மதுரைக்காரர் விடுவாரா? "அந்தாளு தெள்ளாறுல ஜெயிச்சார் சரி. அப்புறம் கும்பகோணத்துல எங்காளு திருப்பிக் குடுத்தாரே, அதையும் சேர்த்து எழுதுடா"ன்னார். உண்மை தான். குடமூக்குல பல்லவர், சோழர், கங்கர்னு ஒரு கூட்டத்தையே ஜெயிச்சதா ஸ்ரீமாறனைப் பத்திச் சின்னமனூர்ச் செப்பேடு பேசுது. எழுதிட்டேன், போதுமா :-)

*

இப்போ தான் முக்கியமான இடம். தெள்ளாறு எறிந்தவன் பேர் கடல் தாண்டி எப்படிப் போச்சு?

படை எடுத்துப் போகல. அந்தக் கல்லுல வெற்றி இல்லை, கப்பம் இல்லை, தலை அறுத்த கதை இல்லை. ஒரு குளம் இருக்கு. அதைப் பார்த்துக்க வேண்டிய ஆளுங்க பேர் இருக்கு. மணிக்கிராமம்ங்கிறது வியாபாரிகள் சங்கம். இதே காலத்துல, 849-ல, கொல்லத்துல குடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டுலயும் மணிக்கிராமம் வருது. ஒரே சங்கம், மேற்கே கொல்லம், கிழக்கே தக்குவாபா. சேனாமுகம்ங்கிறதைக் காவலுக்குப் போன படைப்பிரிவுன்னு பலர் சொல்றாங்க. சரக்கு வச்சிருக்கிறவன் காவலுக்கு ஆள் வச்சுக்குவான். அது நாடு பிடிக்கிறது ஆகாது.

சரி, வியாபாரம் பண்ணப் போனவன் எதுக்குக் குளம் வெட்டணும்? விக்க வந்தோமா, வித்தோமா, போனோமான்னு இருக்க வேண்டியது தானே?

இங்க தான் காத்து வருது. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து. நம்ம கரையிலேர்ந்து கிழக்கே பாய் விரிச்சுப் போக அது வண்டி. நவம்பருக்கு மேல வடகிழக்குக் காத்து நிலைச்ச பிறகு தான் திரும்பி வர வண்டி. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில வங்கக் கடல்ல புயல் காலம். தை பக்கம் தான் நம்பிக் கிளம்பலாம். 7ஆம் நூற்றாண்டுல ஒரு சீனத் துறவி கடாரத்துலேர்ந்து கப்பல் ஏறி முப்பது நாள்ல நாகப்பட்டினம் வந்ததா யீஜிங் எழுதி வச்சிருக்கார். காத்து இருந்தா பயணம் ஒரு மாசம் தான். அந்தக் காத்துக்காகக் காத்திருக்கிறது தான் பல மாசம்.

நினைச்சுப் பாருங்க. ஆடிக் காத்துல போனவன் சரக்கை வித்துட்டான். புரட்டாசி வந்துடுச்சு. மழை கொட்டுது, கடல் கொந்தளிக்குது, வந்த காத்து செத்துப் போச்சு, போற காத்து இன்னும் பிறக்கல. எங்க இருப்பான்? ஆத்து வாய்க்கு எதிர்ல கோ கோ காவ்னு ஒரு தீவு அரண் மாதிரி நீளமா நிக்குது. அலை அதுல அடிச்சு நின்னுடும். உள்ளே ஆத்து முகத்துல கப்பல் பத்திரமா இருக்கும். அந்தத் தீவுல துங் துக்ங்கிற இடத்தைத் தோண்டினப்போ 9ஆம் நூற்றாண்டுச் சீன தாங் காலத்துப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, நீலப் பச்சை மெருகு போட்ட சாடி, விதவிதமான மணிகள்னு கிடைச்சிருக்கு. உலகத்துல பாதி சரக்கு வந்து இறங்கின இடம். இன்னொரு பாதி குறுக்கே நிலத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரைக்குப் போய் சீனக் கப்பல் ஏறியிருக்கும்.

ஆக, தீவுல அக்டோபர்ல என்ன தான் நடக்கும்ங்கிற என் கேள்விக்குப் பதில் இது தான். காத்திருப்பு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கரையோட கூதிர்காலம் காத்துக்கிடக்கிற காலம். நம்ம இலக்கணத்துல முல்லைக்குப் பெரும்பொழுது கார், உரிப்பொருள் இருத்தல். தலைவி வீட்டுல காத்திருக்கிறதா மட்டுமே நாம படிச்சிருக்கோம். அந்தப் பக்கம் கடல் கரையில காத்திருந்தவனைப் பத்தி யாரும் பாடல. அவன் ஒரு குளத்தை வெட்டி வச்சுட்டுப் போயிருக்கான்.

பல மாசம் நூத்துக்கணக்கான ஆளு தங்கணும்னா முதல்ல வேணும் நல்ல தண்ணி. திரும்பிப் போறப்போ குடத்துல ரொப்பிக்கவும் தண்ணி. அப்புறம் கும்பிட ஒரு சாமி. காலம் போக ஒரு திருவிழா. இந்த வரிசை எல்லா ஊருக்கும் பொது.

புக்கெட் கின் ஜே கதையும் அதே தான்னு எனக்குப் பட்டது. 1825 வாக்குல கத்துங்கிற ஈயச் சுரங்க ஊருக்கு நாடகம் போட வந்த சீனக் கூத்துக் குழு காய்ச்சல்ல விழுந்துச்சாம். சொந்த ஊர்ல ஒம்பது நாள் விரதத்தை விட்டதால தான் இந்த வினைன்னு, அங்கேயே சைவ விரதம் இருந்து கும்பிட்டாங்களாம். காய்ச்சல் போச்சாம். பார்த்த சுரங்கத்து ஜனமும் சேர்ந்துக்கிச்சாம். இது சொல்லி வர்ற கதை. ஆனா அதுல இருக்கிற ஆளுங்களைப் பாருங்க. மழைக்காலத்துல அயல் தீவுல மாட்டிக்கிட்டவங்க. அதுவும் கூத்துக்காரங்க! எங்க புரிசை ஆளுங்களைப் போல. சிங்கப்பூர்லயும் இதே கதை தான். 1827-ல நாராயண பிள்ளை தொடங்கின மாரியம்மன் கோயில்ல, நம்ம ஊர்ல வெயில் காலத்துல நடக்கிற திரௌபதி தீமிதி, ஐப்பசியில தீபாவளியை ஒட்டி நடக்குது. தீவுக்குப் போனா திருவிழா கூட அந்த ஊர் மாசத்துக்குப் பழகிக்குது.

*

கடைசி நாள் வண்டி வச்சுக்கிட்டு வடக்கே தக்குவாபா வரைக்கும் போனோம். வழியில காவ் லாக்ல கடற்கரையிலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல உள்ளே ஒரு போலீஸ் படகு தரையில நிக்குது. எண் 813. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு அலை தூக்கிக் கொண்டுவந்து போட்ட இடத்துலயே நினைவுச்சின்னமா விட்டுட்டாங்க. கோ கோ காவ் தீவுக்குப் படகு ஏறுற பான் நாம் கெம் மீனவர் ஊரும் அன்னைக்கு நாசமான ஊரு தான். அந்த அலையே தான் நாகப்பட்டினத்துலயும் ஏறுச்சு. படகுக்குப் பக்கத்துல நின்னப்போ எங்க நாலு பேருக்கும் பேச்சு வரல. மணிக்கிராமத்தாருக்கு அந்தக் கடல் ஒரு தெரு மாதிரி. இந்த முனையில ஒரு வீடு, அந்த முனையில ஒரு வீடு. 2004-ல ரெண்டு முனையிலயும் ஒரே நாள்ல சாவு விழுந்துச்சு.

அதுக்கப்புறம் எனக்கு இந்த "கடல் கடந்து வென்றான்"ங்கிற பேச்சு கொஞ்சம் உப்புச் சப்பில்லாமப் போயிடுச்சு. ராஜேந்திரன் 1025-ல கப்பல் படை அனுப்பினது உண்மை, இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியிலேர்ந்து அந்தக் கரையில கிடக்கிற நம்ம அடையாளம் என்னன்னு பாருங்க. கிராபி பக்கம் குளோங் தோம்ல கிடைச்சது ஒரு பொற்கொல்லரோட உரைகல். பெரும்பதன் கல்னு தமிழ்ல பேர் வெட்டியிருக்கு, 3, 4ஆம் நூற்றாண்டு. தக்குவாபாவுல ஒரு குளம். தங்கம் உரசிப் பார்க்கிற கல்லும், குடிக்கிற தண்ணியும். ரெண்டும் அங்க உட்கார்ந்து பொழைச்சவன் விட்டுட்டுப் போனது.

எறிதலுக்கு ஆயுசு கம்மிங்க. தெள்ளாறுல எறிஞ்ச நந்திவர்மன் வம்சம் அடுத்த ஐம்பது வருஷத்துக்குள்ள சோழன் கையில முடிஞ்சு போச்சு. தொட்டது நின்னுது. இங்க இருக்கிற காவேரிப்பாக்கத்தையே எடுத்துக்குங்க. இப்போ ராணிப்பேட்டை மாவட்டம். கல்வெட்டுல அந்த ஊர் பேர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். அதே பட்டப்பேர்! அங்க இருக்கிற கடல் மாதிரி ஏரியும் நந்திவர்மன் காலத்து ஏரின்னு தான் சொல்றாங்க. அது இன்னைக்கும் ரொம்புது, இன்னைக்கும் வயலுக்குப் பாயுது. ஒரே ராஜா பேர், கடலுக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரை ஊர்ல, அந்தப் பக்கம் ஒரு குளத்துல.

எங்க ஊர் பேரையே பிரிச்சுப் பாருங்களேன். தெள் ஆறு. தெளிஞ்ச ஆறு. சண்டைக்குப் பேர் போறதுக்கு முன்னாடியே தண்ணிக்குப் பேர் போன ஊர். நாங்க தான் "எறிந்த"வை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறோம்.

ஊருக்குத் திரும்பினதும் எங்க அப்பாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார். "அந்தக் குளத்துல இப்போ தண்ணி இருக்குதாப்பா?" நம்ம பெருசுங்களுக்குக் கல்வெட்டு வாசகத்தை விட அது தான் முக்கியம். குளம்னா வெட்டினவனோட போறதில்லை. தூர் வாரினாத் தான் குளம். கல்லுல "அடைக்கலம்"னு எழுதினதோட அர்த்தமும் அது தானே? வெட்டினவர் ஊருக்குப் போயிடுவார். இருக்கிறவங்க பார்த்துக்கணும்.

அதனால இந்தப் பதிவைப் படிச்சவங்ககிட்ட ஒரு சின்ன வேண்டுகோள். உங்க ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ என்ன பேர்? அதை வெட்டினது யாருன்னு ஊர்ல ஏதாவது பேச்சு இருக்கா? மதகுல, கரையில, கோயில் சுவர்ல கல் எதாவது இருக்கா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ பெரியவங்க யாரையாவது கேட்டு உங்க பக்கத்துல ஒரு பதிவாப் போடுங்க. மதுரைக்காரங்களும் போடலாம். தெள்ளாறுக்கு அதுல பகை எதுவும் இல்லை :-)